ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே கார்: சேசிஸ் பிரேஸ் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வாரம் முழுக்க ஆபீஸுக்குப் போக வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ நாலு ரவுண்டு அடிக்கவும் வேண்டும், இருப்பதோ ஒரே கார். அப்படிப்பட்டவர்களுக்காக எழுதுகிறேன். சேசிஸ் பிரேஸ், அதாவது காரின் பாடி முறுக்காமல் இருக்க மாட்டும் இரும்புப் பார், போடலாம் என்று நான் விசாரிக்கக் கிளம்பியபோது பட்டறைக்கு ஒரு பதில் கிடைத்தது. "வெல்டிங் அடிச்சுடலாம் சார், அப்புறம் ஆடவே ஆடாது" என்றார் ஒருவர். "முன்னாடி ஒரு பார் மாட்டினா போதும்" என்றார் இன்னொருவர். இன்சூரன்ஸ், ஆர்சி என்று வாயெடுத்தால் எல்லோருமே பேச்சை மாற்றினார்கள். அலைந்து பிடித்ததை வரிசையாகத் தருகிறேன்.

மனதில் வைத்து எழுதுவது நம்மூரில் அதிகம் ஓடும் முன்வீல் டிரைவ் கார்களை: ஸ்விஃப்ட், போலோ, சிட்டி மாதிரி. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த கால்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்வீல்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்). உங்கள் கார் வேறாக இருந்தால் அளவுகள் மாறும், வேலை செய்யும் முறை மாறாது.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நம்பர் பிளேட்டோடு ஓடுகிற காரில் பிரேஸ் எல்லாம் போல்ட்டில்தான் நிற்க வேண்டும், ஸ்பானரால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பாடியில் வெல்டிங் கூடாது. கீழே வரும் பாதி விஷயங்களுக்கு இதுதான் ஆதாரம்.

1. முதலில் கார் ஆடுகிறதா என்று பாருங்கள்

டயர் தேய்ந்து, லோயர் ஆர்ம் (வீலைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ் ரப்பர் கிழிந்து, டேம்பரில் (ஷாக் அப்சார்பரில்) ஆயில் கசியும் காருக்குப் பிரேஸ் போடுவது வீண் செலவு. ஸ்டியரிங் தொளதொளவென்று இருப்பதற்குப் பெரும்பாலும் புஷ்தான் காரணம். டயர், பிரேக் பேட், புது டாட் 4 பிரேக் ஆயில், புஷ், டேம்பர், வீல் அலைன்மென்ட் எல்லாம் சரியாக இருந்த பிறகும் குறை தெரிந்தால் பிரேஸுக்கு வாருங்கள்.

பாடி எவ்வளவு முறுக்குகிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சமமான சிமென்ட் தரையில் காரை நிறுத்தி, டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை மேல் மூலைகள் இரண்டிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒரு பக்க ஜாக்கி பாயின்ட்டில் மட்டும் தூக்குங்கள். அதே பக்கத்துப் பின்டயர் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும் வரை போதும். காருக்கு அடியில் நுழையாமல், அதே இரண்டு மூலைகளை மறுபடி அளங்கள். ஒரு மூலை இறுகி மறு மூலை விரிந்திருந்தால் அந்த வித்தியாசம்தான் முறுக்கல். பிரேஸ் போட்ட பிறகு அதே இடத்தில் ஜாக்கி வைத்து இதையே திரும்பச் செய்தால் காசுக்குப் பலன் உண்டா என்று தெரியும். ஹேட்ச்பேக்கில் பின்னால் இருக்கும் பெரிய திறப்புதான் பலவீனமான இடம், அதனால் டிக்கி இடைவெளியில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

லேப் டைம் (ஒரு ரவுண்டுக்கு ஆகும் நேரம்) மளமளவென்று குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். கூரை உள்ள இன்றைய காரில் பிரேஸ் தரும் பலன் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்பக்கம் சட்டென்று திரும்புவதும், கெர்பில் (டிராக் ஓரத்து மேட்டில்) ஏறும்போது டேஷ்போர்டு கிறீச்சிடாமல் இருப்பதும்தான். நேரத்தைக் குறைப்பது டயர்.

2. பேப்பர் வேலையை முன்னாலேயே முடியுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் கார் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டியின் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

நடைமுறையில் இது எங்கே வந்து இடிக்கும்? ஆர்சியில் இருக்கை எண்ணிக்கையும் வெற்று எடையும் இருக்கின்றன. பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குறுக்குப் பைப் போட்டால் ஐந்து சீட் கார் இரண்டு சீட் கார் ஆகிவிடுகிறது. அது நேரடியாகச் சிக்கல். பின்சீட்டையும் சீட் பெல்ட்டையும் தொடாமல் போல்ட்டில் மாட்டிய நாலைந்து கிலோ பிரேஸ் அந்த அளவுக்குப் போவதில்லை. அதற்காக எந்தக் கேள்வியும் வராது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் ஒரு மனு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக "ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர் நாளைக்குச் சாட்சிக்கு வரமாட்டார்.

இன்சூரன்ஸில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியை எடுத்துப் படியுங்கள். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று அச்சடித்திருக்கும். டிராக்கில் சுவரில் இடித்தால் முழுச் செலவும் உங்களுடையது. இரண்டு, ரோட்டில் நடக்கும் விபத்தின்போதும் அறிவிக்காத மாற்றம் இருந்தால் சர்வேயர் கேள்வி கேட்பார். பிரேஸ் போட்டதும் பில்லோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பி, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். வாரன்டி காலம் முடியாத கார் என்றால் சஸ்பென்ஷன், பாடி தொடர்பான கிளெய்ம் மறுக்கப்படலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஃபைலில் இருக்க வேண்டியவை: ஆர்சி, இன்சூரன்ஸ், பியுசி நகல்கள், பட்டறையின் ஜிஎஸ்டி பில், போல்ட்டின் கிரேடு எழுதிய கடை பில், மாட்டும் முன்னும் பின்னும் எடுத்த படங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி கட்டியே வாங்குங்கள், பிற்பாடு பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

3. எந்த இடத்தில், எந்த வரிசையில்

முன் ஸ்ட்ரட் டவர்தான், அதாவது பானெட்டுக்குள் ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பிடித்திருக்கும் பாடிப் பகுதிதான், முதல் இடம். வளைவில் வெளிப்பக்க டயரின் விசை ஸ்ட்ரட் வழியாக டவரின் மேல்பகுதிக்கு வந்து அதைத் தள்ளுகிறது. இரண்டு டவருக்கும் நடுவே ஒரு பார் போட்டால் அவை ஒன்றையொன்று நெருங்குவதும் விலகுவதும் குறையும். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பாரும் கூடவே சாயும். நாலு கட்டையை ஆணியடித்துச் செய்த சட்டம் பக்கவாட்டில் சரிவது போலத்தான்; மூலைக்கு மூலை குறுக்கே ஒரு கட்டை அடித்தால் நின்றுவிடும். அந்தக் குறுக்குக் கட்டை இங்கே ஃபயர்வாலுக்கு (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள சுவர்) போகும் இரண்டு பைப். இடமிருந்தால் டவர், டவர், ஃபயர்வால் என்று முக்கோணமாகக் கட்டுங்கள். ஃபயர்வாலின் மெல்லிய தகட்டில் அல்ல, கண்ணாடிக்குக் கீழே மடித்து வரும் கவுல் பகுதியின் கெட்டியான இடத்தில் பிடிக்க வேண்டும்.

ஸ்ட்ரட் மேலே எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் மூன்று நட்டு, சிலவற்றில் நடுவில் ஒரே நட்டு. மூன்று நட்டு என்றால் பிளேட்டை அதிலேயே உட்காரவைக்கலாம். நடுநட்டு வகையில் அந்த நட்டோடு பாரைச் சேர்த்துப் பிடிக்காதீர்கள். அது ரப்பர் மவுண்ட்டோடு ஆடும். டவரின் தகட்டையே பிடிக்கும் வளையம் வேண்டும், அதற்கு ரெடிமேட் பார் வாங்குவது மேல்.

இரண்டாவது, கீழே லோயர் ஆர்ம்களின் பின் போல்ட்டுகளை இணைக்கும் பிரேஸ். பலன் நன்றாகத் தெரியும், ஆனால் ஸ்பீடு பிரேக்கருக்கு எதிரி. சாலை விதிமுறைப்படி ஸ்பீடு பிரேக்கரின் உயரம் 10 சென்டிமீட்டர். நம் தெருக்களில் அந்த விதி பாதி இடத்தில் செல்லாது என்பது உங்களுக்கே தெரியும். 170 மி.மீ. இடைவெளி உள்ள காரில் ஒரு இன்ச் பைப்பும் போல்ட் தலையும் சேர்ந்து மூன்று, நான்கு சென்டிமீட்டரைத் தின்றுவிடும். காரைத் தாழ்த்தியிருந்தால் பைப் வேண்டாம், தட்டைப் பட்டை போடுங்கள்.

மூன்றாவது, பின் டேம்பர் டவர்களுக்கு நடுவே ஒரு பார், சீட்டுக்குப் பின்னால்.

டார்ஷன் பீமிலேயே மாட்டும் பின் பாரைச் சில கடைகளில் சேசிஸ் பிரேஸ் என்று விற்கிறார்கள். அது பாடியை இறுக்குவதில்லை, பின் ரோல் விறைப்பைத்தான் (வளைவில் கார் சாய்வதை எதிர்க்கும் விறைப்பை) கூட்டும். உலர்ந்த டிராக்கில் கார் சுறுசுறுப்பாகத் திரும்பும். மழையில் அதே வளைவில் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். வடகிழக்குப் பருவமழையில் தினமும் ஓட்டப்போகிற காருக்கு யோசித்துப் போடுங்கள்.

ரோல் கேஜ் (கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் காக்கும் குழாய்க் கூண்டு) பேச்சையும் இங்கேயே முடித்துவிடலாம். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் ரோட்டுக் காரில் தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது பாதுகாப்பு அல்ல, ஆபத்து.

தொடக்கூடாத இடங்களும் உண்டு. முன் பம்பருக்குப் பின்னால் நசுங்குவதற்காகவே வடிவமைத்த பகுதியின் குறுக்கே எதையும் கட்டாதீர்கள். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்ற கணக்கு அந்த நசுங்கலை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. சீட் பெல்ட் போல்ட்டுக்கு அடியில் பிளேட் சொருகாதீர்கள். தரையில் துளை போடும் முன் பெட்ரோல் டேங்க், பெட்ரோல் லைன், பிரேக் லைன் எங்கே போகின்றன என்று கீழிருந்து பாருங்கள். பல ஹேட்ச்பேக்குகளில் டேங்க் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும், ஹோண்டா ஜாஸிலோ முன்சீட்டுக்கு அடியில்.

4. பைப், பிளேட், போல்ட்

பளபளக்கும் அலுமினிய பார் எடை குறைவுதான். ஆனால் அதே அளவு பைப்பில் அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்கு. தனியாகச் செய்வதென்றால் ஒரு இன்ச், 2 மி.மீ. கனமுள்ள சீம்லெஸ் இரும்புப் பைப் போதும், மீட்டருக்கு 1.15 கிலோதான் வரும். சென்னையில் பாரிமுனைப் பக்கம் பைப் கடைகளில் கேட்டால் துண்டாகவும் வெட்டித் தருவார்கள்.

பைப் நேராக இருக்க வேண்டும். இதை மட்டும் பட்டறையில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பைப்பை இரண்டு முனையிலும் 500 கிலோ விசையில் அழுத்தினால் அது சுருங்குவது 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஏர் ஃபில்டர் இடிக்கிறது என்று அதே பைப்பை நடுவில் ஐந்து சென்டிமீட்டர் தூக்கி வளைத்தால், முனைகள் கீல் போல ஆடும் நிலையில், அதே விசைக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கும். நேராகப் போக வழியே இல்லையென்றால் விட்டத்தைக் கூட்டுங்கள். அதே கனத்தில் ஒரு இன்ச்சுக்குப் பதில் ஒன்றரை இன்ச் போட்டால் எடை ஒன்றரை மடங்கு, வளையாமல் நிற்கும் விறைப்பு மூன்று மடங்குக்கும் மேல்.

பாடித் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம்தான். அதில் போல்ட்டை மட்டும் போட்டு இறுக்கினால் நாளடைவில் துளை ஓவலாகிக் கிழியும். உள்ளே வெளியே இரண்டு பக்கமும் பிளேட் வைத்துச் சாண்ட்விச்சாகப் பிடிக்க வேண்டும். ரோல் கேஜ் கால்களுக்கு எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதி 3 மி.மீ. கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள பிளேட்டும், குறைந்தது மூன்று 8.8 கிரேடு (வலிமையைக் குறிக்கும் எண்) எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட்டும் கேட்கிறது. பிரேஸுக்கு அவ்வளவு கட்டாயமில்லை என்றாலும் 3 மி.மீ. கனத்தையும் 8.8 கிரேடையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும், இல்லாததை வாங்காதீர்கள். நட்டு நைலாக் வகை (தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் உள்ளது).

பெட்டி போல மூடிய பகுதியின் குறுக்கே போல்ட் போடுவதென்றால் உள்ளே ஸ்லீவ் குழாய் அவசியம். அது இல்லாமல் இறுக்கினால் பெட்டி நசுங்கிக்கொண்டே போகும், போல்ட் ஒருநாளும் இறுகாது. ரிவ்நட் (தகட்டில் ரிவெட் போலப் பிடிக்கும் நட்டு) சொருகித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

5. பட்டறையில் வேலை வாங்கும் விதம்

காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு "ஒரு பார் செஞ்சு குடுங்க" என்றால் அவருக்கு எது சுலபமோ அதுதான் கிடைக்கும். மாதிரியை நீங்களே செய்து எடுத்துப் போங்கள். பிளேட்டுக்குக் கெட்டி அட்டை, பைப்புக்கு எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 25 மி.மீ. பிவிசி கண்ட்யூட். அட்டையை ஸ்ட்ரட் டவரில் வைத்துத் துளைகளைக் குத்தி, பிவிசி பைப்பை இரண்டுக்கும் நடுவே டேப் போட்டு ஒட்டுங்கள். பைப்பின் மேலே குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு இன்ச் உயரத்துக்கு உருட்டி வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். களிமண் எவ்வளவு தட்டையானதோ அதை வைத்து மேலே எத்தனை இடம் மிச்சம் என்று தெரிந்துவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி கிளட்ச்சைக் கொஞ்சம் விட்டால் இன்ஜின் மவுண்ட்டில் அது எவ்வளவு எழும்புகிறது என்பதை நண்பரை விட்டுப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினுக்கும் பைப்புக்கும் 25 மி.மீ. இடைவெளி விட்டால் நிம்மதி.

அட்டையை ஸ்கேன் செய்து வரைந்து கொடுத்தால் அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்களில் லேசர் கட்டிங் செய்வார்கள். பைப்பையும் பிளேட்டையும் இணைக்கும் வெல்டிங்கைக் காருக்கு வெளியே, மேஜையில் ஜிக் (அளவு மாறாமல் பிடிக்கும் சட்டம்) வைத்துச் செய்யட்டும். சிஓ-டூ அல்லது ஆர்கான் வெல்டிங் கேளுங்கள். சாதாரண ஆர்க் வெல்டிங்கில் மெல்லிய பைப் ஓட்டையாகும்.

காரிலேயே வெல்டிங் வைக்கலாம் என்று கட்டாயம் கேட்பார்கள். இன்றைய கார்களில் பில்லர் (கூரையைத் தாங்கும் தூண்), சில் (கதவுக்குக் கீழுள்ள விளிம்பு) பகுதிகளில் உயர் வலிமை இரும்பு இருக்கிறது; சூடு பட்ட இடத்தில் அந்த வலிமை போய்விடும். அண்டர்கோட்டிங் எரியும், உள்பக்கத்து துத்தநாகப் பூச்சு போய் நமக்குத் தெரியாமலே துரு பிடிக்கும். கடற்காற்று அடிக்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

6. மாட்டுவது

நாலு டயரும் தரையில், சமதளத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. டூ-போஸ்ட் லிஃப்டில் தூக்கினால் வீல்கள் தொங்கும், பாடி கொஞ்சம் வளையும். அந்த நிலையில் இறுக்கிய பிரேஸ் காரை இறக்கியதும் பாடியை எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே உள்ள பாருக்குத் தரையே போதும். கீழ்ப் பிரேஸுக்கு டயர்கள் பலகையில் நிற்கும் ஃபோர்-போஸ்ட் லிஃப்டோ, பள்ளம் உள்ள பட்டறையோ வேண்டும்.

போல்ட் கையாலேயே துளைக்குள் இறங்க வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்கும் நிலை வந்தால் பிளேட்டின் துளையைச் சரிசெய்யுங்கள். நீளத்தைத் திருகிக் கூட்டும் வகைப் பார் என்றால் தளர்வு போகும் வரை மட்டும் திருகிப் பூட்டு நட்டை இறுக்குங்கள். "இன்னும் ரெண்டு சுத்து" என்று டவர்களைத் தள்ளி வைத்தால் கேம்பர் (டயரின் பக்கவாட்டுச் சாய்வு) மாறும்.

டார்க் ரெஞ்ச் (குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பானர்) இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். இணைப்புக்கு நாம் புதிதாகப் போடும் 8.8 கிரேடு எம்8 போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், எம்10-க்குச் சுமார் 48. ஸ்ட்ரட், லோயர் ஆர்ம் போல்ட்டுகளுக்குச் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான். பிளேட் நடுவில் வந்ததால் ஸ்டட் (ஸ்ட்ரட்டிலிருந்து நீட்டி நிற்கும் மரைக் கம்பி) குட்டையாகத் தெரியும். நட்டு முழுக்க ஏறி, அதற்கு மேல் இரண்டு மரையாவது வெளியே தெரியாவிட்டால் பிளேட்டை மெல்லியதாக்குங்கள்.

துளை போட்ட ஒவ்வொரு இடத்திலும் பிசிறை ராவி, ஜிங்க் பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு பிளேட்டைச் சுற்றி சீலன்ட் பூசுங்கள். சில் பகுதியில் தண்ணீர் வடியும் துளைகளைப் பிளேட் மூடவில்லை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நேராக வீல் அலைன்மென்ட்.

7. செலவும் நாளும்

நான் விசாரித்த இடங்களில் கேட்ட தோராயமான தொகை இது. ஊருக்கு ஊர் மாறும். மலேசியாவின் அல்ட்ரா ரேசிங் மாதிரி ரெடிமேட் முன் பார் 8,000 முதல் 15,000 ரூபாய் வரை. தனியாகச் செய்தால் பைப்பும் லேசர் பிளேட்டும் 3,000–5,000, பட்டறைக் கூலி ஒரு பிரேஸுக்கு 5,000–8,000, பவுடர் கோட்டிங் 1,000–2,000, நல்ல டார்க் ரெஞ்ச் 3,000-க்கு மேல். கூட்டிப் பார்த்தால் முன் பாருக்கு ரெடிமேட்டே லாபம். உங்கள் காருக்குக் கிடைக்காத கீழ்ப் பிரேஸுக்கும் பின் பாருக்கும்தான் தனிவேலை நியாயமாகும்.

நாள் கணக்கில் எல்லோரும் ஏமாறுவது பவுடர் கோட்டிங்கில். உங்களுடைய ஒரு பைப்புக்காக அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள், அதே நிறத்தில் பெரிய ஆர்டர் வரும் வரை காத்திருக்க வைப்பார்கள். கறுப்பு என்று சொன்னால் சீக்கிரம் கிடைக்கும். மாதிரி செய்வதிலிருந்து மாட்டி முடிக்கும் வரை மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள், டிராக் நாளுக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். அந்த ஒரு வாரம் ரோட்டில் ஓட்டி, சத்தம், உரசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

8. டிராக் நாளில்

நுழையும்போது ஓட்டுநர் உரிமம், முழுமுக ஹெல்மெட், பொறுப்புத் துறப்புக் கடிதத்தில் கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். பிரேஸ் உள்ள காரை அனுமதிப்பார்களா என்று ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே மெயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டியில் இறங்குவதாக இருந்தால் எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தய அமைப்பு) லைசென்ஸும் அந்தப் பிரிவின் விதிப்புத்தகமும் வேண்டும். சில பிரிவுகளில் பிரேஸே அனுமதி இல்லை.

மாட்டிய பிறகு 100 கிலோமீட்டர் ஓட்டியதும் ஒருமுறை, முதல் டிராக் செஷன் முடிந்ததும் ஒருமுறை எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். இறுக்கிய பிறகு போல்ட்டிலிருந்து பிளேட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவைத்தால் அடுத்த முறை குனிந்து பார்த்தாலே தளர்ந்தது தெரியும். ஒரே போல்ட் திரும்பத் திரும்பத் தளர்ந்தால் அடியில் தகடு நசுங்குகிறது என்று அர்த்தம். மேலும் இறுக்காமல் கழற்றிப் பாருங்கள். கெர்பில் கீழ்ப் பிரேஸ் அடிவாங்கியிருந்தால் வீட்டுக்கு ஓட்டும் முன் பைப் நேராக இருக்கிறதா, லோயர் ஆர்ம் போல்ட் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

கழற்றிய ஒரிஜினல் நட்டு போல்ட்டுகளை எந்த இடத்துடையவை என்று எழுதி, கவரில் போட்டு வையுங்கள். கம்பெனி சர்வீஸுக்கு விடும்போதும், எஃப்சிக்குப் போகும்போதும், காரை விற்கும்போதும் பழையபடி மாற்ற அவை தேவைப்படும்.